சைக்கிள் மணி அடித்த கபடிக்காரர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கபடிப் போட்டிக்கு நான் செயலாளர். சிறந்த ஆட்டக்காரருக்குச் சைக்கிள் பரிசு. அவர் கடைசி விசிலின்போது களத்தில் இருக்க வேண்டும் என்று விதி எழுதியவனும் நானே. விதி எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

ராஜபாளையம் மில் அணியில் குட்டையாக, முழங்காலெல்லாம் தழும்போடு ஒருவர் இருந்தார். ஆடுவதற்காகவே மில்லில் வேலை கொடுத்திருந்தார்கள். ஊர் சோழபுரம்; பஸ் தவறினால் வேலைக்கு நடைதான். அவுட்டாகி வரும்போதெல்லாம் மேடையருகே நின்ற பரிசுச் சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துவிட்டுத்தான் உட்காருவார்.

இறுதி ஆட்டத்தில் சைக்கிள் அவருக்கே என்று நடுவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மில் அணி ஒரு புள்ளி முன்னிலை. உள்ளூர் அணிக்குக் கடைசி ரைடு பாக்கி. அப்போது அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாற்று ஆளைக் கூப்பிட்டுவிட்டு நொண்டியபடி வெளியே வந்தார்.

"வெளிய வந்தா சைக்கிள் கிடையாதுய்யா" என்றேன்.

"தெரியும் சார். சைக்கிள்ல ஏழு பேரு ஏற முடியாதுல்லா?"

மாற்று ஆள் பிடித்த பிடியில் கோப்பை ராஜபாளையத்துக்குப் போனது. சைக்கிளை விதிப்படி, அடுத்த இடத்தில் இருந்த தோற்ற அணியின் ரைடருக்குக் கொடுத்தேன்.

இவர் நேராக அவனிடம் போனார். "ஏலே மாப்ள, செத்த நேரம் வண்டியக் குடு."

கேரியரில் கோப்பையை வைத்து, ஆளுக்கொரு கை பிடித்து, பஸ் ஸ்டாண்டு வரை ஆரவாரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் மணியை மட்டும் அவர் வேறு யாருக்கும் விடவில்லை. அதைத் தடுக்க விதி இருக்கிறதா என்று நான் தேடவில்லை.