லாரியில் கட்டிய தார்பாய்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்குவாரி, ஓட்டல், போர் போடும் ரிக் வண்டி என்று சுற்றி, கடைசியில் லாரி ஓட்டினேன். ஒரு ஊரில் நிலைக்க மாட்டேன் என்று தெரிந்தேதான் எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பெண் கொடுத்தார்கள்.

முதல் ஆடி வந்ததும் வழக்கப்படி மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மாதம் முடியும்வரை சேர்ந்திருக்கக் கூடாது. பதினெட்டாம் பெருக்குக்கு மட்டும் மாப்பிள்ளைக்கு விருந்து. பெண்ணுக்குத் தண்ணீர்க் கரையில் புதுத் தாலிக்கயிறு. அந்த வருஷம் மேட்டூர் அணைக்கே முன்கூட்டிப் போய்த் தங்குவதென்று மாமனார் வீட்டில் முடிவு செய்தார்கள். லோடில்லாமல் நின்ற லாரியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, எல்லோரையும் ஏற்றிப் போனேன்.

கரையெங்கும் ராட்டினம், வளையல் கடை, மீன் வறுக்கும் புகை. லாரியை மேட்டில் நிறுத்தினேன். கீழே, காய்ந்து வெடித்த சேற்றில், தண்ணீரை ஒட்டித் தார்பாயைக் கூடாரமாகக் கட்டினோம்.

"மாப்ள, உங்களுக்குப் படுக்க லாரிதானுங்க. ஆடி முடியட்டும்" என்றார் மாமியார்.

பெண்கள் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பெருக்கு வரைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

பரிசல்காரர் ஒருவர் வந்து, "மேல மழைங்க, தண்ணி ஏறும்" என்று சொல்லிப் போனார். மாமனார் பொருட்படுத்தவில்லை. "எங்க கெணத்துல தண்ணி எறங்கித்தானுங்க பாத்திருக்கறோம்."

மறுநாள் விடிந்தபோது அடுப்புக் கல் தண்ணீருக்குள் இருந்தது. கூடாரத்தை மேலே நகர்த்தினோம். அடுத்த காலையும் அப்படித்தான். சத்தமே இல்லாமல் ஏறியது தண்ணீர். கேபினில் படுத்துப் பார்த்தால், காயும் மனைவியின் சிவப்புச் சேலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கும். வெயிலில் கண் சொக்கும்போது, லாரிதான் மெதுவாகத் தண்ணீருக்குள் மிதந்து போவதுபோல இருக்கும்.

பெருக்குக்கு முந்தின நாள் கூடாரம் மேட்டுக்கே வந்துவிட்டது. அங்கே பாறை, கம்பு இறங்கவில்லை. தார்பாயின் ஒரு பக்கத்தை லாரிக் கொக்கியில் கட்டினோம்.

அன்று மத்தியானம் தெரிந்த டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி முதலாளியின் சேதியைச் சொன்னார். "சேலத்துல ஜவ்வரிசி லோடு, பம்பாய்க்கு. இப்பவே வரோணுமாம். இல்லீன்னா வேற வண்டிக்குப் போயிருமாம்."

எனக்கும் கால் பரபரத்தது. ஒரே இடத்தில் இத்தனை நாள் நின்றதே அதிகம். சாவியை எடுத்துக்கொண்டு, தார்பாயை அவிழ்க்கக் கேபினிலிருந்து இறங்கினேன். அதற்குள் மனைவியே போய், கொக்கியில் இருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் ஊறிய முடிச்சு இளகவில்லை. நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை.

"விடு" என்றேன். "லாரிய எடுத்தா எல்லாரும் வெயில்ல நிக்கோணும்."

"வெயிலுக்காகத்தானுங்களா?"

நான் சாவியை அவளிடம் நீட்டினேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். சேதி கொண்டுவந்தவர் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் முன்சக்கரத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவளுக்குப் புதுக்கயிறு மாற்றினார்கள். விருந்து முடிந்ததும் மாமியார் கேபினைக் கை காட்டினார்.

"ஆடி இன்னும் முடியலீங்க, மாப்ள."

ஏறிப் படுத்தேன். தலைமாட்டுக்குப் பின்னால், தார்பாய்ப் பக்கமிருந்து யாரோ கேபின் பலகையை மெல்லத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.