அத்தையை ஓரத்தில் நிறுத்தாதீர்கள்

கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு இரண்டே எதிரிகள்: ஒன்று மழை, இன்னொன்று "எல்லாரையும் ஒரே படத்துல எடுத்துருங்க" என்று கூவும் மாமா. நம்ம மலேசியாவில் கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை எந்த மண்டபத்திலும் எனக்குப் பேர் உண்டு. "கலா வந்தா ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாங்க" என்பார்கள். அந்தப் பேரைக் காப்பாற்ற வைட் லென்ஸ் வாங்கிய கதையைக் கேளுங்கள், என்னோடு சேர்ந்து அல்லாடும் தோழர்களே.

கொக்கும் ஜோடியும்

கடையில் பன்னிரண்டு–இருபத்து நாலு, பதினாறு–முப்பத்தைந்து என்று இரண்டு ஸூம் லென்ஸை எடுத்து வைத்தார்கள். எண் குறையக் குறைய படத்தில் அதிக இடம் விழும். சும்மா இருப்பேனா? பன்னிரண்டையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுவாரமே சுங்கை புரோங் வயலில் ஒரு ஜோடி. வரப்பு, வானம், கொக்கு, தூரத்துத் தென்னை எல்லாவற்றையும் ஒரே படத்தில் அள்ளினேன். போனில் அனுப்பியதும் பொண்ணு விரலால் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, ஒருவழியாகத் தன்னைக் கண்டுபிடித்துக் கேட்டாள்: "அக்கா, போட்டோஷூட் எங்களுக்கா, கொக்குக்கா?"

லயத்து வீட்டு ஹால்

அதே லென்ஸ் ஒருநாள் என்னை ராணியாக்கியது. எஸ்டேட் லயத்து வீட்டில் நலங்கு. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் அடுப்படியில் நிற்க வேண்டும். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பன்னிரண்டில் தட்டினேன். மாப்பிள்ளை, மஞ்சள் பூசும் கைகள், சாமி மேடை, ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள், அத்தனையும் விழுந்தது. எனக்கே புல்லரித்தது. மாப்பிள்ளையின் அப்பா படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்: "அடேயப்பா, நம்ம வீடு இவ்ளோ பெருசு! இத்தனை நாளா தெரியாமப் போச்சே!"

ஓரத்தில் நின்றவர்

அந்தத் திமிரில்தான் ஜெராமில் ஒரு கல்யாணத்தில் மாட்டினேன். பெரிய குடும்பம். எல்லோரையும் இழுத்து வரிசையில் நிறுத்திவிட்டு, கடைசியாக ஓரத்தில் வந்து நின்றார் பொண்ணின் அத்தை. எந்த வீட்டிலும் கல்யாணத்தையே தலையில் சுமப்பவர் ஓரத்தில்தான் நிற்பார், கவனித்திருக்கிறீர்களா? பன்னிரண்டில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகிவிடுவார். நான் அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

ஆல்பம் போனது. அந்த வீட்டில் சின்னப் பொண்ணு கல்யாணம் வேறு வரப்போகிறது. யார் படம் எடுப்பது என்று முடிவு செய்பவர் அதே அத்தை. போன் வந்தது: "ஏம்மா, கல்யாணத்துக்கு நான் வந்தேனா, அடுப்படி கேஸ் தோங் உருண்டு வந்துச்சா?"

வாழைமரத்துக்கு இடம்

என் பேர் போச்சு என்று நினைத்தேன். பன்னிரண்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதினாறு–முப்பத்தைந்தை வாங்கினேன். வயலும் வானமும் எடுப்பவர்களுக்குப் பன்னிரண்டு சரி. மனுஷ முகத்தை நம்பிப் பிழைப்பவளுக்கு முப்பத்தைந்து வரை நீள்வதுதான் முக்கியம்; தள்ளி நின்று அதில் எடுத்தால் ஓரம் இழுபடாது. நேரில் போய், "இன்னொரு வாய்ப்பு குடுங்க அத்தை" என்று நின்றேன். கொடுத்தார், ஒரு மிரட்டலோடு: "அதே ஓரத்துலதான் நிப்பேன், பாத்துக்க."

கல்யாணத்தன்று கொட்டுகிற மழை. அத்தை சொன்னபடியே ஓரத்தில். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து, மண்டப வாசலுக்கே வெளியே போய், குடைக்குள் கேமரா, மழையில் நான் என்று நின்று முப்பத்தைந்தில் எடுத்தேன். அத்தைக்கு அப்பாலும் மணவறை வாழைமரத்துக்கு இடம் விட்டேன். வாழைமரம் குண்டானால் யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

சொட்டச் சொட்ட வந்து கேமராவை நீட்டினேன். அத்தை கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்தார். "நான் அம்சமாத்தான் இருக்கேன்லா. நடுவுல நிக்கிற எங்கண்ணனை ஏன் இப்படிக் குண்டாக்கி வச்சிருக்கே?"

லென்ஸ் செய்யும் தப்பையெல்லாம் திருத்த இந்தக் கலாவால் முடியும், அந்த அண்ணன் தினமும் அள்ளிப்போட்ட தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், செய்ததைத் திருத்தத்தான் இன்னும் ஒரு லென்ஸ் வரவில்லை.