உகுலேலேவும் உயர்த்திய கையும்

லாயாங் லாயாங் என்ற சிற்றூரின் ஸ்டேஷனில் குளுவாங் போகும் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மடியில் குட்டி கித்தார் போன்ற உகுலேலே. இன்று மாலை நண்பனின் கல்யாண விருந்தில் நான் வாசிக்க வேண்டும். கடல், தென்னை, வெயில் என்று குலுங்கும் ஒரு பாப் பாட்டு. தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளில் மூன்று விரலுக்கு வந்துவிட்டன. ‘ஓஹோஹோ’ தொடங்கும் இடத்தில் வரவேண்டிய நாலாவது மட்டும் வர மறுக்கிறது. ஒவ்வொரு முறையும் பாட்டு அங்கே தடுக்கி விழுகிறது. காய்ச்சல் என்று சொல்லித் தப்பிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பக்கத்து பெஞ்சில் ஓர் அக்கா, தொழிற்சாலைச் சீருடையில், எதிர்த்திசை ரயிலுக்காகக் காத்திருக்கிறார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைச் சாப்பிட்டபடி இவ்வளவு நேரம் பொறுத்தவர், கடைசியில் வாய் திறக்கிறார்.

“அலமாக், தம்பி! வராத கார்ட ஏன் போட்டு அடிக்கிறீங்க? நான் சர்ச்சுல இருபது வருசமா கித்தார் வாசிக்கிறேன். எனக்கும் ஒரு கார்டு வராது.”

“அப்ப என்னக்கா பண்ணுவீங்க?”

“கைய மேல தூக்கிருவேன். அவங்கள பாடச் சொல்றேன்னு நெனச்சிக்கிட்டு எல்லாரும் சத்தமா பாடிருவாங்க. ஃபாதருக்கே இன்னும் தெரியாது லா.”

மறுபடி தொடங்குகிறேன். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்குகிறேன். அக்கா ‘ஓஹோஹோ’ என்று எடுக்கிறார். சந்தைப் பைகளோடு நிற்கும் மலாய்த் தம்பதி சேர்ந்துகொள்கிறார்கள். பாட்டு விழாமல் கடந்துவிடுகிறது.

என் ரயில் வருகிறது. ஏறி, கதவருகே நின்று, விடைபெறக் கையைத் தூக்குகிறேன்.

மூவரும் சத்தமாகப் பாடத் தொடங்குகிறார்கள்.