பொதுச்சுவரில் அடித்த ஆணி

எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவி இறந்தபின் சங்கரன்கோவில் வீட்டில் தனியாக இருந்தேன். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக்கூட வாசலோடு அனுப்பியிருந்தேன்.

தெருவில் தறிகள் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் நிறுத்தும் அறையில் பலகை மாட்ட நினைத்தேன். கையில் ரம்பமும் சுத்தியலும்தான். ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் சரிவாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைப் பலகையின் பின்னாலும் அடித்தால், ஒன்றின்மேல் ஒன்று கொக்கிபோல உட்காரும். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. காலால் மிதித்துக்கொண்டே அறுத்தேன். அந்த எரிச்சலில், இருந்ததிலேயே நீளமான ஆணிகளை எடுத்துச் சட்டத்தின் ஒரு பாதியைச் சுவரில் அறைந்தேன்.

கதவைத் தட்டினார் அண்ணாச்சி.

"ஆணி எங்க வீட்டுப் பக்கம் வந்துட்டு வே."

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மெல்லிய சுவர்தான் என்பதை மறந்தே போயிருந்தேன்.

"பிடுங்கிருதேன் அண்ணாச்சி."

"கிடக்கட்டும். ஒரு வருசமா இந்தப் பக்கம் சத்தமே இல்ல. இன்னைக்குத்தான் ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது."

சொல்லிக்கொண்டே பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் தூக்கினேன். பலகை சட்டத்தில் இறங்கி உட்கார்ந்தது.

அந்தப் பக்கம் நீட்டிய ஆணி முனையில் அவர் இன்றும் சட்டை மாட்டுகிறார். நான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால், வீட்டில் எந்த ஆணி அடித்தாலும் அந்தச் சுவரில்தான் அடிக்கிறேன்.