ஒரு சோடி மண்ணிறக் கண்கள்

சுனாமிக்குப் பிறகு, களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் மணப்பெண் அலங்காரம் செய்யத் தொடங்கினேன். யுத்தம் முடிந்த வருடம், அதுவரை தள்ளிப்போன கலியாணங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டாரில் வேலை செய்த என் மச்சாள் ஒரு சோடி மண்ணிறக் கொன்டெக்ட் லென்ஸ் கொண்டுவந்து தந்தாள். பார்வைக்கானதல்ல, கண்ணின் நிறத்தை மாற்றுவதற்கு மட்டும். எந்தப் பெண் கேட்டாலும் அதையே போட்டுவிடுவேன். கழற்றியதும் கொதித்தாறிய தண்ணீரில் உப்புக் கரைத்து அதில் போட்டுவைப்பேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சுனாமியில் கடல் அடித்துக்கொண்டு போனபோது தகரம் கிழித்து, இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா புள்ள?"

"ஓம் அக்கா, அவர் ஒண்டும் சொல்றல்ல. எனக்குத்தான். ஒரு போட்டோவிலயாவது ரெண்டு கண்ணும் ஒரேமாதிரி இருக்கோணும்."

மறுக்க மனம் வரவில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டால் நிறம் பொருந்தாது என்று இரண்டிலும் போட்டேன். அவள் கண்ணாடிக்குக் கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலியாணம் முடிந்ததும் பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்து கழற்றிவிடுவதாகச் சொன்னேன். ஆனால் வாழைச்சேனையில் இன்னொரு கலியாணம், அங்கேயே சுணங்கிவிட்டது. அவளுக்குத் தானாகக் கழற்றத் தெரியாது. லென்ஸோடே தூங்கிவிட்டாள்.

காலையில் மாப்பிள்ளை போனில் கோல் எடுத்தார். "அக்கா, அவக்கு வலது கண் திறக்க ஏலாம இருக்கு."

அவளுக்குப் பார்க்கிற கண் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கண் டொக்டர் ஒரு பெண். "இது ஆர் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் டொக்டர்."

"நான்தான் கேட்டுப் போட்டன்," என்றாள் அவள், கண்ணைப் பொத்தியபடி.

எத்தனை பேருக்குப் போட்டீர்கள், எந்தத் தண்ணீரில் வைத்தீர்கள் என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல என் தலை குனிந்துகொண்டே போனது. அவர் ஏசவில்லை. "ஒராள் போட்ட லென்ஸ இன்னொராள் போடப்படாது. அளவு பார்க்காமப் போடப்படாது. உப்புத்தண்ணியில கிருமி சாகாது, அதுக்கெண்டு மருந்துத் தண்ணி இருக்கு. போட்டபடி நித்திரை கொள்ளவே கூடாது," என்றார்.

ஆறு நாள் வார்ட்டில் இருந்தாள். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு மருந்து விட்டார்கள். பகலில் நான் போய் இருந்து தலை சீவி இழுத்து, சோறு ஊட்டிவிட்டேன். அவள் ஒரு சொல்லிலும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "போட்டோ வந்திட்டா அக்கா?" என்று கேட்டாள். நான் வெளியே வந்து அழுதேன்.

பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது என்றார் டொக்டர்.

சில மாதங்களின் பின் அதே டொக்டர் அவளுடைய இடது கண்ணை அளந்து, அதற்கு மட்டும், வலது கண்ணின் நிறத்தோடு பொருந்த ஒரு கறுப்பு லென்ஸ் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார். அதைக் காட்டவென்றே என்னிடம் வந்தாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, தானே கழற்றி மருந்துத் தண்ணீரில் போட்டுக் காட்டினாள். "வீட்டில இருக்கக்குள்ள போடுறல்ல அக்கா. கண்ணுக்கும் ஆறுதல் வேணும்தானே."

என்னிடமிருந்த அந்த மண்ணிறச் சோடியை நான் எப்போதோ எறிந்துவிட்டேன். இப்போதும் பெண்கள் கேட்கிறார்கள். டொக்டரிடம் காட்டி உங்களுக்கென்று வாங்கி வாருங்கள், நீங்களே போடவும் கழற்றவும் பழகிக்கொண்டு வாருங்கள் என்கிறேன். சிலர் முகம் சுளித்து வேறு இடம் போகிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.