மீன்தொட்டியில் வெள்ளைப் புள்ளி

எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆடுகோடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பினேன். தொண்ணூறுகளின் கடைசியில், மழை விடாத ஒரு ஜூலை.

கூடத்தில் என் கணவரின் மீன்தொட்டி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த வாரமே சிவாஜிநகரிலிருந்து இரண்டு புது மீன்கள் வாங்கிவந்து அப்படியே தொட்டிக்குள் விட்டார்.

ஐந்தாறு நாளில் எல்லா மீன்களின் மேலும் ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பை உரசிக்கொண்டு ஓடின. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன்.

"நான்தான் கொண்டாந்து விட்டேன்" என்றார்.

மறுநாள் இருவரும் மீன் வாங்கிய கடைக்குப் போனோம். "புது மீன ரெண்டு வாரம் தனியா வெச்சுப் பாக்கணும் சார்" என்றார் கடைக்காரர். "இது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள இருக்கறப்ப மருந்து எட்டாது. கீழ விழுந்து, பலதாப் பிரிஞ்சு, வேற மீனத் தேடி நீந்தறப்பதான் சாகும். இந்தக் குளிர்ல மெதுவாத்தான் விழும். ஹீட்டர் போடுங்க. புள்ளி போச்சேன்னு மருந்த நிறுத்திராதீங்க."

பகலில் வீட்டில் இருந்தது நான்தான். தினமும் அடித்தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதுத் தண்ணீரும் நீல மருந்தும் விட்டேன். ஷாக் அடிக்காமலிருக்க, தண்ணீருக்குள் கை விடுவதற்கு முன் ஹீட்டரை அணைக்க வேண்டும். அதை மட்டும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது நான்கு தடவை சொல்லிவிட்டுப் போவார்.

மூன்று மீன்கள் செத்தன. மூன்றாவதை அவர் பூந்தொட்டி மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எங்க வெச்சீங்க?"

குழந்தையைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம் காட்டாமலே அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். புதைக்க அவர் தனியாகத்தான் போயிருந்தார்.

"சுடுகாட்டுல, சுவரோரமா. மொகத்தப் பாத்தேன். நெத்தி உன்ன மாதிரியே."

"சரி" என்றேன். அழுகை வரவில்லை. உள்ளே போய் அன்றைய மருந்தை விட்டேன்.

புள்ளிகள் மறைந்த பிறகும் ஒரு வாரம் மருந்து விட்டேன். நான்கு மீன்கள் பிழைத்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். மழையில் மண் சமமாகிக் கிடந்தது. இந்த இடம்தானா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஒரே குடைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.