முந்நூற்றிருபதுக்குத் தோட்டா இல்லை

துப்பாக்கிக் கடையில் அதிகமாக வெடிப்பது வாய்தான். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. புடவையோ பூச்சிமருந்தோ, எதை விற்றாலும் பேசிப் பேசித்தானே நமக்குத் தொண்டை போகிறது!

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. வயலில் பன்றி விரட்டுகிறவர்களும், பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கிறவர்களும் நீளத் துப்பாக்கிக்காக வருவார்கள். ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களோடுதான் பேச்சு அதிகம். எந்த ‘போர்’ நல்லது, அதாவது குழாயின் உள்வாய் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முப்பத்திரண்டு, அதாவது அங்குலத்தில் புள்ளி மூன்று இரண்டு, எல்லோருக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு சின்னது, லேசானது. இந்த இரண்டுக்கும் தோட்டா சுலபமாகக் கிடைக்கும். மூன்றாவதாக, எப்போதாவது ஒரு பழைய முந்நூற்றிருபது வந்து சேரும். அதற்குத் தோட்டா தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சைபர்

திருப்புலிவனத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் பலராமன், காலமான தன் அப்பாவின் ரிவால்வரைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். வந்ததும் முப்பத்திரண்டு தோட்டா கேட்டார். வாங்கிப் பார்த்தால் அது முந்நூற்றிருபது. “அண்ணா, இது புள்ளி மூணு ரெண்டு இல்ல, புள்ளி மூணு ரெண்டு சைபர். முப்பத்திரண்டு தோட்டா இதுக்குள்ள போகாது” என்றேன்.

அவர் நம்பவில்லை. எங்கள் மெக்கானிக் ஜான் அண்ணன் உள்ளேயிருந்து வந்து அளவுகோலை வைத்துக் காட்டினார். பலராமன் அளவுகோலையும் நம்பவில்லை. கடைசியில் ரிவால்வரைப் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கப் போனவர் திரும்பி நின்று சொன்னார்: “புள்ளிக்கி அப்பால கடசீல வர்ற சைபருக்கு மதிப்பே இல்லன்னு வாத்தியாரு அடிச்சி அடிச்சி சொல்லிக்குடுத்தாரும்மா. இப்ப வந்து கீதுன்றியே!”

கோழிப்பண்ணைக்காரம்மா

ஊருக்கு வெளியே ஏரி ஓரமாகப் பண்ணை வைத்திருக்கும் சரோஜா அக்காவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. பக்கத்துப் பண்ணையில் திருடர்கள் புகுந்து காவலாளியை அடித்துப் போட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. கூட வந்த கணவர் மட்டும் தைரியமாக இருந்தார். “முப்பத்திரண்டுதான் கெத்து” என்று ஆரம்பித்தவர், ரொம்ப நேரம் நிறுத்தவில்லை.

அக்கா முப்பத்திரண்டைக் கையில் வாங்கி நீட்டிப் பார்த்தார். முட்டைத் தட்டு தூக்கித் தூக்கித் தேய்ந்த மணிக்கட்டுக்குக் கனம் தாங்கவில்லை. அடுத்து இருபத்திரண்டை வாங்கினார். கை நின்றது. வேகம் அதில் குறைவு, ஆனால் பிடிமானம் வரும், எதை வாங்கினாலும் முறையாகச் சுடப் பழகியாக வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். “இத்தப் பாத்து திருடன் பயப்படுவானா?” என்று கணவர் சிரித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. “வர்றவன் இன்னா போருன்னு அளந்து பாத்துக்கினா நிப்பான்? எனக்குத் தூக்க முடிஞ்சத குடு தங்கச்சி.”

பெண் பார்க்க வந்தவர்கள்

இது கடையில் நடந்ததில்லை, என் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுக்கொண்டே “பொண்ணு எங்க வேலை செய்யுது?” என்று கேட்டார்கள். கடை என்றார் அம்மா. என்ன கடை என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அதுவரை பீரோ, கட்டில், பைக் என்று சாடையாகப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். இன்று எனக்கு மாமனார். மகளைப்போல வைத்திருக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று அவர் சொன்னது இது: “நாங்க எதுவும் கேக்கலம்மா. ஒண்ணுமே கேக்கல.”

கோதண்டம் ஐயா

ஒரு மத்தியானம் கோதண்டம் ஐயா வந்தார். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். அந்த வருஷம் விளைச்சலும் தண்ணீரோடு போயிருந்தது. கையில் ஒரு பழைய முந்நூற்றிருபது. தோட்டா வேண்டும் என்றார். எங்களிடம் இல்லை, எங்கே கேட்டாலும் கிடைப்பது கஷ்டம் என்றேன். “ஒண்ணே ஒண்ணு போதும்மா” என்றார். ஒரே ஒரு தோட்டா கேட்டு யாரும் வந்ததில்லை.

“உக்காருங்கய்யா, டீ சொல்றேன்” என்றேன். ஜான் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவருக்கும் ஐயாவின் ஊர்தான். ரிவால்வரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஓரிக்கையில் இருக்கும் ஐயாவின் மகளுக்குப் போன் செய்தார். நான் பேச ஆரம்பித்தேன். பழசையே வைத்துக்கொள்ளலாமா, முப்பத்திரண்டுக்கு மாறலாமா, எது கனம், எது லேசு என்று வாய் ஓயாமல் பேசினேன். இருபத்திரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஐயா டீயைக் குடிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை. மகளும் மருமகனும் பைக்கில் வந்து இறங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரிவால்வரை எங்கள் கடையிலேயே முறைப்படி ஒப்படைத்துவிட்டு, அவரைத் தன்னோடு அழைத்துப் போனார். டாக்டரிடமும் காட்டினார்.

அடுத்த கடலை அறுவடைக்குப் பிறகு ஐயா வந்தார். முகம் தெளிந்திருந்தது. ரிவால்வர் இனி வேண்டாம், லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஒரு பை நிறையப் பச்சைக் கடலையைக் கல்லா மேல் வைத்தார். “அன்னிக்கு நான் ரொம்ப பேசிட்டேங்கய்யா” என்றேன். அவர் சொன்னார்: “நீ சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறலம்மா. ஆனா நான் எழுந்து பூடக்கூடாதுன்னு நீ பேசிக்கினே இருந்த பாரு, அது மட்டும் தெரிஞ்சிச்சி.”

சரக்கு இல்லாமல் போனதற்காகச் சாமிக்கு நன்றி சொல்கிற கடைக்காரி என்னைத் தவிர இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.